குளியலறையில் புளித்த பியர்

ஜேர்மனியில் இருக்கிறோம். மூத்த பேரன் எசன் நகரில் இஞ்சினியர். அடுத்தவள் வுப்பர்டாலில் தாதி, சொந்தமாகக் காரும் எடுத்துவிட்டாள். கடைக்குட்டி மெரினா பியர் காய்ச்சும் தொழிலில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்படிப்பை முடித்து வேலைக்குப் போகிறாள்.

முதல் இருவரையும் சொன்னால், சேர்ச்சில் பூசை முடிந்து வரும் சனம் "நல்லது அக்கா" என்கிறது. மெரினாவைச் சொன்னால் குரல் தாழ்கிறது.

"பொம்பிளைப்பிள்ளையை ஏன் அக்கா அதுக்கு விட்டனீங்கள்?"

போன ஞாயிறும் ஒருத்தி கேட்டாள். அந்தக் கோபத்தில்தான் எங்கள் சனம் பார்க்கும் இணையப் பக்கத்தில் இதை எழுதுகிறேன். படித்தது ஐந்தாம் வகுப்பு... பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

மெரினா பள்ளிக்கூடம் முடித்த நேரம், பீலெஃபெல்டில் எங்கள் குளியலறையில் ஒரு மணம். அவித்த முட்டையும் பாண் மாவும் கலந்த மாதிரி... அவளுடைய முதல் பியர் வாளி அங்கேதான் இருந்தது.

"இது சரிவந்தால் அந்தப் படிப்புக்கு விடுறன். பழுதாப்போனால் ஒஃபிஸ் வேலைதான்," என்று தகப்பன் சொல்லிவிட்டார். என் மருமகன்தான்.

பிள்ளைக்கு நித்திரை இல்லை. மூடியில் செருகிய குழாயில், புளிக்கும்போது வரவேண்டிய குமிழி வரவில்லை.

"அம்மம்மா, ஈஸ்ட் செத்துப்போச்சோ?"

பிறகு வெள்ளையாக நுரை கட்டியது. பூஞ்சணம் என்றாள் என் மகள். மருமகன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மணக்குது, ஊத்துங்கோ," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஊரில் அப்பமாவுக்குக் கள்ளு விட்டோம். இங்கே கள்ளுக்கு எங்கே போவது? வந்த நாள் தொட்டுப் பியர் விட்டுத்தான் புளிக்க வைக்கிறோம். குரல் தாழ்த்திக் கேட்கிறவர்கள் வீட்டிலும் அப்படித்தான். மா நுரைத்துச் சட்டியால் வழிந்தால் "நல்லாப் பொங்கியிருக்கு" என்பார்கள். பிள்ளையின் வாளி நுரைத்தால் மட்டும் பூஞ்சணமாம்.

கதிரையை இழுத்துக் குளியலறை வாசலில் போட்டு இருந்துவிட்டேன். மருமகன் குளிக்கப் போனாலும் என்னைத் தாண்டித்தான் போனார்.

ஆனால் போத்தலில் அடைத்து, நாள் பார்த்துத் திறந்தால்... காஸ் இல்லை. சப்பென்று இருந்தது. பிள்ளையின் முகம் செத்துப்போயிற்று.

வீணாக்க மனம் வரவில்லை. அடியில் கிடந்த மண்டியோடு அப்பமாவில் விட்டேன்.

ஞாயிறு பூசையால் வந்து மருமகன் சாப்பிட்டார், திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கினார்.

"மாமி, இண்டைக்கு அப்பம் பஞ்சு மாதிரி. எந்தக் கடைப் பியர்?"

"உங்கட மோளின்ர கடை."

கையில் இருந்த அப்பத்தைப் பார்த்தார். மெரினாவைப் பார்த்தார். "காஸ் வர அடுத்த முறை என்ன செய்யவேணும்?" என்று அவளிடம் கேட்டார். அந்தக் கிழமையே அவளுக்குப் பக்கத்தில் இருந்து அந்தப் படிப்புக்கு விண்ணப்பமும் எழுதினார்.

இப்போது அவள் வேலை செய்யும் இடத்தில் ஆளை விட உயரமான தொட்டிகள். சூடு கூடினாலும் குறைந்தாலும் மீட்டர் சொல்லிவிடும். எங்கள் குளியலறையில் சவர்க்கார மணம் மட்டும்தான். கடைப் பியரிலும் மா பொங்குகிறது... "அம்மம்மா, ஓடி வந்து பாருங்கோ" என்று கூப்பிடத்தான் ஒருத்தரும் இல்லை.

மெரினா, என்னிடம் இருப்பது நீ சின்னப்பிள்ளையாகச் சேர்ச்சில் முதல் நன்மை எடுத்தபோது வெள்ளைச் சட்டையில் நின்ற படம். வேலை உடுப்போடு, அந்தப் பெரிய சப்பாத்தோடு, தொட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒரு புதுப் படம் எடுத்து இதற்குக் கீழே போடு பிள்ளை. கேட்கிறவர்கள் வடிவாகப் பார்க்கட்டும்.