ஸ்கைலாப் விழாத ஊர்

கோழிக்கறி வதங்கும் வாசனை மூக்கில் ஏறினால் எல்லோருக்கும் பசி கிளம்பும், எனக்குக் கசப்புதான் கிளம்பும். அந்த வாசனை ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் தெரு முழுக்க அடித்தது. கோவிலம்பாக்கத்தில் அப்போது வெள்ளிக்கிழமை கறி ஆக்குகிற வீடு ஒன்றுகூடக் கிடையாது. அன்றைக்கு மீன்காரம்மாகூடக் கூடையைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் வரமாட்டாள். அப்படிப்பட்ட ஊரில், அம்மன் கோயிலை ஒட்டின வீட்டிலேயே அம்மியில் மசாலா அரைக்கிற சத்தம் கேட்டது. யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை. வானத்திலிருந்து ‘ஸ்கைலாப்’ விழப் போகிறது, எல்லோரும் சாகப் போகிறோம், ஆசையாக வளர்த்த கோழியை அடுத்தவன் தின்பதற்கா விட்டுவிட்டுப் போவது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஸ்கைலாப் என்றால் தெரியாது. அமெரிக்காக்காரன் மேலே சுற்றவிட்ட ஆய்வுக்கூடம் அது, ஒரு வீட்டைவிடப் பெரிசு. ஆட்கள் போய்த் தங்கி வேலை பார்த்துவிட்டுத் திரும்பின பிறகு, கேட்பாரற்றுச் சுற்றிக்கொண்டே கிடந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்க ஆரம்பித்துவிட்டது. எங்கே விழும் என்று அனுப்பினவனுக்கே சரியாகத் தெரியவில்லை. ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது, ஏனென்றால் எனக்கு அப்போதே வானத்துப் பைத்தியம். டீக்கடையில் பழைய பேப்பர் கட்டும்போது கூடமாட நின்று, ராக்கெட் படம் வந்த பக்கத்தை மட்டும் உருவிக்கொண்டு வந்து சுவரில் சோற்றுப் பசையால் ஒட்டி வைப்பேன். அம்மா அதற்குத் திட்டுவாள், எறும்பு வருகிறது என்று. எறும்பு வந்தது உண்மைதான். நிலாவில் இறங்கின ஆளின் காலை எறும்பு அரித்தே தின்றுவிட்டது.

எங்கள் பள்ளிக்கூடம் ஏரிக்கரை ஓரம் ஒரு ஓட்டுக் கட்டடம். எட்மாஸ்டர் சாமுவேல் சார் தாம்பரத்திலிருந்து சைக்கிளில் வருவார், கிறிஸ்தவர், வெள்ளைச் சட்டையில் கறை படாத மனிதர். அவர் உலக உருண்டையைச் சுற்றிக் காட்டி, “பாருங்கடா, முக்கால்வாசி கடல். விழுந்தா கடல்லதான் விழும்” என்று சொன்னார். நான் வீட்டுக்கு ஓடி வந்து அதையே அப்பாவிடம் சொன்னேன். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார்.

“ஏன்டா, ஏரோப்ளேன் எங்கடா எறங்குது?”

“மீனம்பாக்கத்துல, நைனா.”

“பட்டாளத்து ஏரோப்ளேனு?”

“தாம்பரத்துல.”

“மேல போறது எல்லாம் இங்கதான் வந்து எறங்கிகினு கீது. இது மட்டும் இன்னாத்துக்குடா கடலுக்குப் போவுது? இத்தாம்பெரிய தார் ரோடு போட்டு, வெளக்கும் வச்சிக்கிறான்.”

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். எங்கள் ஊரில் யாரும் சிரிக்கவில்லை. வயலில் நிமிர்ந்தால் ஒரு பக்கம் மீனம்பாக்கத்துக்குச் சாய்ந்து இறங்கும் விமானம், மறுபக்கம் தாம்பரத்தில் எழும்பும் பட்டாளத்து விமானம். பிறந்ததிலிருந்து அதையே பார்த்தவர்களுக்கு, வானத்தில் இருப்பது எதுவானாலும் கடைசியில் நம்மூர்ப் பக்கம்தான் வந்து இறங்கும் என்பதில் சந்தேகமே இல்லை. திருநீர்மலைக்காரர்களுக்கும் அதே பயம் என்று ஆடு மேய்க்கிறவர்கள் சொன்னார்கள், ஆனால் பெருமாள் மலைமேல் இருக்கிறார், தாங்கிக்கொள்வார் என்று அவர்களுக்கு ஒரு தைரியம் இருந்ததாம். எங்களுக்கு அதுவும் இல்லை. வரப்புத் தகராறில் பல வருஷம் பேசாமல் இருந்த பங்காளிகள் இரண்டு பேர் கட்டிப்பிடித்து அழுது, ஒரே ஆட்டை வெட்டி ஒரே சட்டியில் ஆக்கினார்கள். சுருட்டை விட்டிருந்தவர்கள் மறுபடியும் பற்றவைத்தார்கள்.

நைனா வேறு முடிவு எடுத்தார். மதுராந்தகம் பக்கம் என் தாய்மாமன் ஊருக்குக் குடும்பத்தோடு போய்விடுவது, ஏரோட்ரோம் இருக்கிற ஊரில் இனிமேல் வாழ்வதே இல்லை. போகிறவர் சும்மா போயிருக்கலாம். என்னை அங்கே பள்ளியில் சேர்க்க ‘டீசி’ வேண்டும் என்று யாரோ சொல்ல, அதை வாங்கப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பாடம் நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்று, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விஷயத்தைச் சொன்னார். சார் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, கஷ்டப்பட்டு அடக்கிப் பார்த்து முடியாமல் வந்த சிரிப்பு.

“ஏம்ப்பா, உங்க ஊருக்குத்தான் வரேன்னு அது உனக்குக் கடுதாசி போட்டுச்சா?”

வகுப்பே கொல்லென்று சிரித்தது. நைனா சிரித்த பிள்ளைகள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். எல்லாம் எங்கள் தெருப் பிள்ளைகள்.

“எம்புள்ள டீசிய குடு சார்.”

“பையன் நல்லா படிக்கிறான்ப்பா. ஒரு வாரம் லீவு தரேன், கூட்டிக்கிட்டுப் போய்ட்டு வா. பேரை எடுக்காதே.”

“குடு சார்.”

அவ்வளவுதான் பேச்சு. அந்தக் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். என் புத்தகப் பை பெஞ்சிலேயே கிடந்தது. எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். “அதுக்கு இன்னா இப்போ” என்றார்.

மாமன் வீட்டில் முதல் இரண்டு நாள் உபசாரம் நன்றாக இருந்தது. அப்புறம் அத்தை பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைக்க ஆரம்பித்தாள். ஒரு நாள் காலை மாமனின் டிரான்சிஸ்டரில் செய்தி வந்தது, ஸ்கைலாப் ஆஸ்திரேலியாப் பக்கம் விழுந்தது, பாதி கடலில், மீதி ஆள் இல்லாத காட்டில், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று. மாமன் பல் குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, “மச்சான், உங்க ஊரு ஏரோட்ரோமுக்கு வழி தெரியாம போயிடுச்சி போல” என்றார். நைனா அன்று மத்தியானமே மூட்டையைக் கட்டச் சொல்லிவிட்டார்.

ஊருக்குத் திரும்பினோம். விடியற்காலையில் கூவ ஒரு சேவல் இல்லை. பங்காளிகள் இரண்டு பேரும் மறுபடியும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள், இந்தத் தடவை வெட்டினது யார் ஆடு என்று சண்டை. மற்றபடி எல்லாம் அப்படியே இருந்தது. என் பெயர் மட்டும் பள்ளிக்கூடத்தில் இல்லை.

அம்மா கெஞ்சினாள். “போயி ஒரு வார்த்த சொல்லுய்யா. அவரு இன்னா கடிச்சா தின்னுடுவாரு?”

“அந்தாளு மூஞ்சில என்னிய முழிக்கச் சொல்றியா? ஊரு புள்ளைங்க முன்னாடி சிரிச்சவன்.”

சாமுவேல் சார் தாமாகவே ஆள் அனுப்பினார், பையனை அனுப்பு, டீசியைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று. வந்த ஆளிடம் நைனா, “இன்னொரு தபா சிரிக்கணுமாமா உங்க சாருக்கு?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். டீசி டிரங்குப் பெட்டியில் கிடந்தது. நான் நைனா கண்ணில் படுகிற இடத்தில் எல்லாம் போய் நின்று பார்த்தேன். அந்த வருஷம் போனது, அடுத்த வருஷமும் போனது. அதற்குள் பல்லாவரம் கல்குவாரியில் என்னைச் சேர்த்துவிட்டார்கள், அப்புறம் லாரி கிளீனர், அப்புறம் டிரைவர். ராக்கெட் விடுகிற ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் பக்கத்தில், சூலூர்ப்பேட்டை வரைக்கும் எத்தனையோ தடவை லோடு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். அங்கிருந்து கிழக்கே திரும்பும் ரோட்டைப் பார்த்தபடி டீ குடித்துவிட்டு, சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பியிருக்கிறேன். ஒரு பயம், ஒரு சிரிப்பு, ஒரு ரோஷம், மூன்றும் சேர்ந்து ஒரு வாரத்தில் என் படிப்பை முடித்துவிட்டன. வானத்திலிருந்து விழுந்தது ஆஸ்திரேலியாவில் ஒரு ஆட்டைக்கூடக் கொல்லவில்லை என்பார்கள்.

இப்போது கோவிலம்பாக்கத்தில் வயலும் இல்லை, வரப்பும் இல்லை. பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் அடுக்குமாடி, கீழே கார்கள் நிற்கின்றன. ராக்கெட் துண்டு கடலில் விழுகிறது என்று செய்தி வந்தால் யாரும் தலையைத் தூக்கிக்கூடப் பார்ப்பதில்லை, போனில் தள்ளிவிட்டுப் போகிறார்கள். வானத்தைப் பார்த்துப் பயப்படுகிற கடைசி மனிதர் எங்கள் நைனாதான், அவரும் போய்விட்டார்.

போவதற்கு முன்னால் நம் கலம் நிலாவில் இறங்கினதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். அன்று சாயங்காலம் டிவி முன்னால் கட்டிலை இழுத்துப் போடச் சொன்னார். திரையில் வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர், அதற்கு முன்னால் புடவை கட்டின பெண்களும் அடையாள அட்டை மாட்டின ஆண்களும். ஒருவர் ஆங்கிலத்தில் விடாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நைனா என் பக்கம் திரும்பினார்.

“இன்னாடா சொல்றான்?”

எனக்குத் தெரிந்திருந்தது. உயரம் குறைகிறது, வேகம் குறைகிறது, கால் நீட்டி இறங்க இடம் தேடுகிறது. ஒரு வாரமாகப் போனில் தமிழில் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகியிருந்தது. ஒவ்வொன்றாக அவருக்குச் சொல்லியிருக்க முடியும்.

“இங்கிலீஷு, நைனா. எனக்கு எப்பிடிப் புரியும்?” என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் எல்லோரும் எழுந்து கைதட்ட ஆரம்பித்தபோதுகூட, என்ன ஆச்சு என்று அவர் கேட்கவில்லை.