பதினான்கு புள்ளிகள்

செங்கல்பட்டில் நான் வேலை பார்த்த காப்பகத்தில் எல்லாவற்றுக்கும் பூட்டு உண்டு. அரிசி அறைக்குப் பூட்டு, துணி அலமாரிக்குப் பூட்டு, கிணற்று வாளிக்குக்கூடச் சங்கிலி. மனம் பேதலித்த பெண்களை வைத்திருந்த இடம். ஐம்பதுகளின் கடைசி. நான் அங்கே டெம்பரவரி ஆயா. ஆறு மாதத்துக்கொரு தடவை மேலதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த ஆறு மாதம். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து காலை ரயிலில் வந்து உள்ளே நுழைந்ததும் என் பின்னாலும் கதவைப் பூட்டிவிடுவார்கள். வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பினால் அம்மா, "உன்ன சம்பளம் குட்த்து இல்ல பூட்றாங்கோ, அப்பறம் இன்னா?" என்பாள்.

கடைசித் தனியறையில் ஒருத்தி இருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். மகாபலிபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம். புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு சுவரில் தலையை இடித்துக்கொள்ள ஆரம்பித்தாளாம். தம்பிக்காரன் கொண்டுவந்து விட்டான். "இடிக்கிறத நிறுத்தட்டும், அன்னிக்கே வந்து இட்டுகினு போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் நிறுத்தவில்லை. நெற்றி ஆறவே ஆறாது. அவள் இடிக்கும் சத்தம் கேட்டதும் நாங்கள் ஓடுவோம், தலையை மடியில் வைத்துக்கொள்வோம், தண்ணீர் கொடுப்போம். சும்மா இருக்கும்போது யாரும் எட்டிப் பார்க்கமாட்டோம். பார்க்க எங்களுக்கு ஏது நேரம்?

அந்த வருஷம் வெளிநாட்டில் படித்துவிட்டு ஒரு டாக்டர் வந்து சேர்ந்தார். சின்ன வயது, தடித்த கண்ணாடி. இரண்டு நாள் வராந்தாவில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, அவ பக்கத்துல ஒரு மனுஷி வந்து உக்கார்றது எப்போ?"

"இடிக்கும்போதுங்க."

"அப்போ அவ வேற என்ன செய்வா?"

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் நாங்கள்தான் அவளை இடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தோமா? அட கஷ்டமே.

எட்டாவது வரை படித்தவள் என்பதால் எண்ணும் வேலை எனக்கு வந்தது. டாக்டர் ஏதோ யந்திரம் வரவழைப்பதாகச் சொன்னார். அது வருகிற மாதிரித் தெரியவில்லை. நான் இடுப்பில் இரண்டு சுருக்குப்பை செருகிக்கொண்டேன். இடப்பக்கப் பையில் புளியங்கொட்டை. அவள் ஒரு தரம் இடித்தால் ஒரு கொட்டை வலப்பக்கப் பைக்குப் போகும். காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை. நான்கு மணிக்கு மேஜையில் கொட்டி எண்ணி, கட்டம் போட்ட தாளில் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி. புள்ளிகளை ஸ்கேல் வைத்துச் சேர்ப்பதும் நான்தான்.

முதல் பத்து நாள் எதையும் மாற்றாமல் எண்ணினேன். நாற்பது, முப்பத்தெட்டு, நாற்பத்து மூன்று. டாக்டர் தாளைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பார். "நூறு பேர் வேணாம். இவளுக்கு இவளேதான் அளவு. மாற்றம் வந்தா கண்ணுக்கே தெரியணும்" என்பார். பத்தாம் நாளுக்குப் பக்கத்தில் கறுப்பு மையில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு போட்டார். அதற்கு அந்தப் பக்கம் புது வழி: அவள் இடிக்காமல் இருக்கும்போதுதான் நான் போய் உட்காரவேண்டும். இடித்தால் எழுந்து வந்துவிடவேண்டும். சுவரில் பழைய மெத்தை ஒன்றை ஆணியடித்து மாட்டினோம்.

உட்கார்ந்தால் அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "காத்து எப்டி கீது?"

அந்த அறையில் இருந்த ஒரே ஜன்னல் சமையற்கட்டுச் சுவரைப் பார்த்தது. காற்று தெரியாது. நான் முற்றத்துக்குப் போய் முந்தானையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். கிழக்கேயிருந்து வரும் கொண்டல் என்றால் கரைப்பக்கம் என்னென்ன மீன் வரும் என்று சொல்லுவாள். எனக்கு ஒன்றும் புரியாது. தலையை மட்டும் ஆட்டுவேன். "நீ இன்னா, மீனே துன்னாதவ மாரி முழிக்கிற?" என்று ஒருநாள் சிரித்தாள். அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். முப்பது நாளில் புள்ளி மூன்றுக்கு இறங்கியிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் தம்பிக்குக் கடிதம் போட்டுவிடலாம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

டாக்டர் இன்னொரு கறுப்புக் கோடு போட்டார்.

"இனிமே பதினாலு நாள் பழையபடி. சும்மா இருக்கும்போது போகக்கூடாது."

"எதுக்குங்க? நல்லாத்தான கீறா?"

"தானா இறங்கிச்சா, நீ உக்காந்ததால இறங்கிச்சான்னு மேல கேப்பாங்க. உன்னை எடுத்தா ஏறணும். ஏறினாதான் நீ காரணம்."

"மண்ட ஒடையறவளும் அவ, சாட்சி சொல்றவளும் அவளா?" என்று கேட்டுவிட்டேன். தலைமை நர்ஸ் என்னை முறைத்தாள். டாக்டர் கோபப்படவில்லை. அவருக்கும் அது பிடித்திருக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

முதல் நாள் ஒன்பது. இரண்டாம் நாள் பதினைந்து. அவள் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏ, காத்து எப்டி கீதுன்னு சொல்லிட்டாவது போயேன்" என்றாள். நான் கேளாதவள்போல வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். மூன்றாம் நாள் தாங்கவில்லை. தலைமை நர்ஸ் சாப்பிடப் போனதும் கதவைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்தேன். மறுநாளும் போனேன். தினமும் போனேன். எண்ணிக்கையில் மட்டும் ஒரு கொட்டைகூட நான் பொய் சொல்லவில்லை. நான்கு என்றால் நான்கு, இரண்டு என்றால் இரண்டு. எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும், தாள் பொய் சொல்லாது என்று நம்பிய முட்டாள் நான்.

பதினான்காம் நாள் டாக்டர் தாளைத் தள்ளிப் பிடித்தார். பாதி மூடிய கண் திறக்கவேயில்லை.

"ரெண்டு நாள் ஏறிட்டு தானா அடங்கிடுச்சு. அப்போ நீ காரணமில்லை."

மேலதிகாரி மறுநாளே உத்தரவு போட்டார். தானாகத் தேறியவளுக்குத் தனியாக ஓர் ஆயா எதற்கு? என்னைச் சலவைக் கொட்டகைக்கு மாற்றினார்கள். நின்று கேட்டுக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அவள் உயிர் போகும். சீ, என்ன பிழைப்பு இது! வாய் திறக்காமல் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

சலவைக் கொட்டகைக்கு அவள் அறையின் பின்சுவர் இரண்டு முழத் தூரம். அன்று மத்தியானமே ஆரம்பித்தது. தொம். தொம். யார் கேட்டார்கள்? யாரும் இல்லை. என் கை மட்டும் தானாக இடுப்புக்குப் போய்க் கொட்டையை மாற்றியது. மாலையில் கொட்டகைத் தூணில் கரியால் எழுதிவைத்தேன். பன்னிரண்டு. அடுத்த நாள் பத்தொன்பது. ஐந்தாம் நாள் முப்பத்தொன்று. மெத்தையின் ஆணி கழன்று ஒரு பக்கம் தொங்கியது, சத்தத்திலேயே தெரிந்தது. ஈரக் கையோடு டாக்டர் அறைக்குப் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே போ என்பார், இல்லை, போய் உட்காரு என்பார் என்று நினைத்தேன்.

"இந்த அஞ்சு நாளும் எண்ணினியா?"

"எண்ணினேங்க."

எண்களைக் கேட்டு வாங்கி, புதுத் தாளில் அவரே ஐந்து புள்ளி வைத்தார். "இன்னும் ஒன்பது நாள் வேணும்" என்றார்.

"ஐயா, வேணாம். உங்க கால்ல வேணா வுழறேன்."

"இன்னிக்கு உன்னை உள்ள அனுப்பினா அடுத்த வாரம் மறுபடி எடுத்துடுவாங்க. என் பேச்சு அங்க எடுபடாது. இந்தத் தாள்தான் எடுபடும். நீ முதல்லயே தள்ளி இருந்திருந்தா இதெல்லாம் அப்பவே முடிஞ்சிருக்கும்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். மெத்தையை மட்டும் இறுக்கி அடிக்கச் சொன்னார். என்னை வராந்தாவில் நிறுத்தினார். கொட்டை எண்ண வேறு ஆள் வேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டேன். ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒன்பது நாளும் கம்பிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். முப்பத்தாறு. முப்பத்தொன்பது. நாற்பத்து நான்கு. ஏழாம் நாளிலிருந்து அவள் காற்றைப் பற்றிக் கேட்பதையும் விட்டுவிட்டாள். இடிக்கும் முன் என் இடுப்பைப் பார்ப்பாள். பிறகு இடிப்பாள்.

புதுத் தாளில் கோடு ஏணி வைத்தாற்போல ஏறியது. குழந்தைகூடப் பார்த்துச் சொல்லிவிடும். மேலதிகாரி ஒரு நிமிஷம்தான் பார்த்தாராம். தனியறைகளுக்கென்று ஓர் ஆயா பதவி வந்தது. அது எனக்கே நிரந்தரமானது. பங்குனியில் அவள் தம்பி வந்து அவளை அழைத்துப் போனான். அவர்கள் கேட்ட சாட்சி அந்தப் பதினான்கு புள்ளிதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதற்கெல்லாம் முன்னால், பதினைந்தாம் நாள் காலை பைகளை அவிழ்த்து வராந்தாவில் வைத்துவிட்டு உள்ளே போனேன். நெற்றியில் கட்டோடு மூலையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் என் வெறும் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எண்ணி முட்ச்சிட்டியா?"

எழுந்து முற்றத்துக்குப் போய் முந்தானையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தேன்.

"வாடக் காத்து அடிக்குது" என்றேன்.