பயனர் பெயர்: அம்மா

ராத்திரியில் நடந்திருந்தால் கெட்ட கனவு என்று நானே விட்டிருப்பேன். இது பட்டப்பகலில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், ஜன்னல் வழியே வெயில் தரையில் விழுந்து கிடந்தபோது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

என் கணவருக்குக் கப்பலில் வேலை. எங்கள் மகளுக்கு அப்போது ஏழு மாதம். அவர் நினைத்த நேரத்தில் அவளைப் பார்க்கட்டுமே என்று பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி, வீட்டிலேயே சர்வராக வைத்திருந்தேன். போட்டோக்களுக்கு ஒரு பக்கம், தொட்டிலுக்கு மேலே மாட்டிய கேமராவுக்கு ஒரு பக்கம். கடைக்காரரே எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்துவிட்டார். கொண்டுவந்து, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரியில் மூடியபடியே வைத்தேன். பிறகு அதைத் திறந்ததே இல்லை. வேண்டியதை, ஆபீஸில் கொடுத்து வீட்டில் வைத்திருக்கும் கணினியிலிருந்தே செய்துகொள்ளலாம்.

அன்று தம்பி போன் செய்தான். அவன் நெட்வொர்க் வேலையில் இருப்பவன்.

"அக்கா, நீ அனுப்பின கேமரா லிங்க்கைத் தட்டினேன். பாஸ்வேர்டே கேக்காம நேரா உள்ள போகுது!"

"தாய்மாமன் பாத்தா என்ன இப்போ?"

"நான் பாக்கறது இருக்கட்டும். ஊரே பாக்கும். கதவை விரியத் திறந்து போட்டுட்டுத் தூங்கறே நீ."

இத்தனை நாளாய் யார் யார் என் குழந்தையைப் பார்த்தார்களோ... அவன் சொல்லச் சொல்ல, இரண்டு பக்கங்களுக்கும் பூட்டுப் போட்டேன். 'அப்பா' என்று ஒரு பயனர், 'அம்மா' என்று ஒரு பயனர். பாஸ்வேர்டைத் தம்பியிடம்கூடச் சொல்லவில்லை. கணவருக்கும் இன்னும் அனுப்பவில்லை.

"இனிமே யாராவது பாஸ்வேர்டைத் தப்பா அடிச்சா, லாக்னு ஒரு பட்டியல்ல பதிவாகும். அப்பப்போ பாத்துக்கோ."

அப்போதே பார்த்தேன். ஒரு வரி இருந்தது.

பயனர்: அம்மா. தவறான பாஸ்வேர்டு. நேரம் 3:12.

சுவரில் மணி பார்த்தேன். 3:12.

"டேய், விளையாடறியா?"

"நான் ஒண்ணும் பண்ணலக்கா. எங்கிருந்து வந்ததுன்னு பக்கத்துல நம்பர் இருக்கும், படி."

படித்தேன். அவன் மறுபடி படிக்கச் சொன்னான்.

"அது வெளியில இருந்து வரல. அந்த லேப்டாப்ல இருந்தேதான் வருது. வீட்ல வேற யாரு இருக்கா?"

"யாருமில்ல. பாப்பா மாடியில தூங்கறா."

இன்னொரு வரி விழுந்தது. அம்மா. தவறு.

இன்னொன்று.

அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது.

டக்... டக் டக்... டக்...

மாடிப்படிக்குக் கீழிருந்து.

அலமாரியைத் திறந்தேன். லேப்டாப் மூடித்தான் இருந்தது. சத்தம் அதற்குள்ளிருந்து வந்தது. மூடிக்கு அடியில் யாரோ நிதானமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள்.

"அக்கா? லைன்ல இருக்கியா?"

மூடியைத் தூக்கினேன். திரையில் நான் போட்ட பூட்டு. 'அம்மா' என்று ஏற்கெனவே அடித்திருந்தது. கீழே, பாஸ்வேர்டு கட்டத்தில், புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. விசை ஒன்றுகூட அசையவில்லை. சத்தம் மட்டும்... டக்... டக்...

தவறு.

மறுபடி புள்ளிகள்.

இந்த முறை தவறு என்று வரவில்லை.

கேமரா திறந்தது.

திரை முழுக்க என் மகள். விழித்திருந்தாள். தொட்டிலுக்குப் பக்கத்தில் யாரையோ பார்த்துச் சிரித்தாள். தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினாள்.

பவர் பட்டனை அழுத்திப் பிடித்தேன். திரை இருண்டது.

டக்... டக்...

நிற்கவில்லை.

மாடிக்கு ஓடினேன். அவளை வாரி எடுத்தேன். அறையில் யாருமில்லை. ஆனால் அவள் என் தோளுக்கு மேலே எட்டி, அந்த வெறும் இடத்தைப் பார்த்துக் கதறினாள். நான் யாரோ முன்பின் தெரியாதவள் மாதிரி... என் பிடியிலிருந்து திமிறினாள்.

மறுநாள் தம்பியோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைக் கழற்றினார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இதுல கீபோர்டே வேலை செய்யாதும்மா. என்கிட்ட வரும்போதே உள்ள ஒயரை வெட்டி வெச்சிருந்தாங்க. சர்வருக்குத்தானே கேக்கறீங்கன்னு நானும் மாத்தல."

"யார் வெட்டினது?"

"வித்தவர்தான். சம்சாரம் இறந்து ஒரு மாசம்தான் ஆச்சுன்னாரு. தனியா வந்தாரு, கைக்குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு. ஏன் சார் இப்படி வெட்டி வெச்சிருக்கீங்கன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"'குழந்தையைத் தூங்க விடமாட்டேங்கறா'ன்னு மட்டும் சொன்னாரு."