ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் எரிதானியா

பந்து கிளம்புவதற்கு முன்பே எரிதானியாவின் வாய் கிளம்பிவிடும். ஹோம் பிளேட்டில் மட்டையோடு நிற்பவனுக்குப் பின்னால் பந்து பிடிக்கக் குந்தியபடி, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் விசாரிப்பார்: "ஏன் தம்பி, வீட்ல காத்தாடி இல்லியா? போன ஞாயிறு பூரா இங்க வந்து மட்டைய வீசிக்கிட்டிருந்தியே." அவன் சிரிப்பான். அதற்குள் பந்து அவர் கையுறைக்குள் இருக்கும்.

எங்கள் அணியில் ஒரே பெண். வயது நாற்பத்தேழு. வாரத்தில் ஆறு நாள் ஆயத்த ஆடை ஆலையில் கால்சட்டைகளுக்கு இஸ்திரி போடுகிறார். ஞாயிறு பூசை முடிந்த கையோடு கரும்புக்காட்டை ஒட்டிய எங்கள் பேஸ்பால் திடலுக்கு வந்துவிடுவார். முழங்கால் தேய்ந்துவிட்டது, இனிமேல் குந்தக்கூடாது என்று மருத்துவர் சொன்னாராம். குந்தாமல் எப்படிப் பிடிப்பது என்று அவரிடமே கேட்டுவிட்டு வந்தார். இடைவேளைகளில் வறுத்த வாழைக்காயைக் கடித்துக்கொண்டே, மூன்றாம் பேஸில் நிற்கும் என்னைத் திட்டுவார். பதினோரு வருடமாக வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் மாதம் திடலைத் தலைநகரத்துக்காரர் ஒருவர் வாங்கினார். கிடங்கு வரப்போகிறது என்றார்கள். ஒரு ஞாயிறு போய்ப் பார்த்தால் இடப்பக்கம் முழுக்க இரும்புக் கம்பங்கள். ஆண்கள் நாங்கள் முணுமுணுத்தபடி வீட்டுக்குக் கிளம்பினோம். எரிதானியா கம்பங்களை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

"அடிச்ச பந்து கம்பத்துல பட்டா ரெண்டு பேஸ் ஓடலாம். போய் நில்லுங்க."

நின்றோம். அன்று கம்பத்தில் நாலு தடவை பட்டது.

அடுத்த ஞாயிறு ஏழாவது இன்னிங்ஸில், எரிதானியாவின் முதுகுப் பக்கமாக டிராக்டர் வந்தது. திடலை உழுதுபோடச் சொல்லி உத்தரவு. ஓட்டி வந்த வில்பிரிதோ பக்கத்துப் பேட்டைக்காரன். எங்களுக்கு எதிராகப் பலமுறை மட்டை பிடித்தவன். பக்கத்தில் மேஸ்திரி நின்று கையை வீசி விரட்டினான். மட்டைக்காரன் விலகி ஓடினான். எரிதானியா அசையவில்லை.

வில்பிரிதோ கெஞ்சினான். "எந்திரிங்கக்கா. என் பொழப்புல மண்ணப் போடாதீங்க."

"ஒம்போது இன்னிங்ஸ் முடியட்டும்."

"முடிஞ்சதும்?"

"அடுத்த ஞாயித்துக்கிழம ஆரம்பிப்போம்."

மேஸ்திரி கத்தினான். டிராக்டர் உறுமி முன்னே வந்தது. இயந்திரச் சூடு அவர் சட்டையைத் தொடுகிற தூரம். ஓடிப்போய் இழுக்கலாம் என்று நினைத்தேன், மூன்றாம் பேஸை விட்டு நகரவில்லை. அவர் தலை திரும்பவே இல்லை.

சத்தம் நின்றது. வில்பிரிதோ சாவியை உருவிக்கொண்டு இறங்கி, மேஸ்திரியின் சட்டைப் பையில் போட்டான். மேஸ்திரிக்கு ஓட்டத் தெரியாது.

விலகி ஓடிய மட்டைக்காரன் மெல்லத் திரும்பி வந்து நின்றான். எறிய வேண்டிய நெப்தாலிதான் பந்தைப் பிடித்தபடி டிராக்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். எரிதானியா முகக்கவசத்தை இறக்கிவிட்டு, வளைத்துப் போடு என்று தொடைகளுக்கு நடுவே அவனுக்கு இரண்டு விரலை நீட்டினார்.