மூன்றாவது அழைப்பு

1954, ஆந்திர மாநிலம் பிறந்த மறு வருடம். சித்தூர் நீதிமன்றத்தில், வழக்குக்கு வந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் சேவகரான ஒரு டவாலியைப் பார்த்தேன். தேதியைக் குறித்துக்கொண்ட நான் அவர் பெயரைக் குறிக்கவில்லை. ஒல்லியான உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய குரல். கட்சிக்காரரின் பெயரைக் கூப்பிடும் முன் தோளில் கிடக்கும் சிவப்புப் பட்டையை இழுத்துவிட்டுக்கொள்வார். வாசலில் ஒரு முறை, படியில் ஒரு முறை, சாலையோரக் கேட்டில் ஒரு முறை என்று மூன்று தடவை கூப்பிடுவது அங்கே நெடுநாள் வழக்கம்.

புதிதாக வந்த நீதிபதி சீர்திருத்தக்காரர். நேரம் வீணாகிறதென்று, இனி ஒரே அழைப்புதான் என உத்தரவிட்டிருந்தார். அன்று நகரிப் பக்கத்து விவசாயி ஒருவரின் நில வழக்கு. முதல் அழைப்புக்கு அவர் வரவில்லை. ஆள் இல்லாமலே தீர்ப்பு எழுத நீதிபதி பேனாவை எடுத்தார்.

டவாலியோ படியை நோக்கி நடந்தார்.

"நில்லய்யா! மூன்று முறை என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?"

"சட்டத்துல இல்ல தொர, இந்தக் கோர்ட்டு வழக்கத்துல கீது. நகரி பஸ்ஸு இன்னும் வர்ல."

"வேலை போய்விடும்."

"போனா போவுது. ஒரே தபா கூப்ட்டு ஒர்த்தன் நெலத்தப் புடுங்குனா, அது இன்னா கோர்ட்டு?"

படியில் கூப்பிட்டார். பிறகு கேட்டில் மூன்றாவது முறை கூப்பிட்டார். செருப்பைக் கையில் பிடித்தபடி ஒருவர் ஓடி வந்தார்.

நீதிபதி குனிந்து ஒரு வரி எழுதினார். பிறகு எழுதியதை உரக்க வாசித்தார்: "மூன்றாம் அழைப்பில் ஆஜர்."

நீதிமன்ற வழக்கம் சட்டமாகாது என்று கட்டளையிட்ட, பகுத்தறிவால் நாட்டைத் திருத்துவோம் என்று அறிவொளி பேசிய பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய அரசர்களைப் பற்றிப் பின்னாளில் நிறையப் படித்தேன். அவர்களுடைய கோர்ட்டு வாசலில் மூன்றாவது முறை கூப்பிட யார் நின்றார் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.