மெஷினுக்குப் பழக்கிய குரல்

கிடங்கில் அவருக்கு வெண்கலம் என்று பட்டப்பெயர். குரலுக்குக் கிடைத்த பட்டம் அது. வண்டி வருகிறது, ஒதுங்கு என்று வாசலில் நின்று ஒரு சத்தம் போட்டால், கடைசி வரிசையில் ஏணி மேல் நிற்பவன்கூட இறங்கிவிட்டுத்தான் எங்கே வண்டி என்று தேடுவான். அப்படிப்பட்ட தொண்டை. வாயும் லேசுப்பட்டதல்ல. சும்மா இருக்கச் சொன்னால் அவருக்கு ஜுரம் வந்துவிடும்.

ஆர்டர் வந்த பொருட்களைத் தட்டுகளிலிருந்து எடுத்துப் பெட்டியில் போடுகிற வேலை, சொல்லிக் கேட்டால் சுலபம்தான். காதில் ஒரு கருவி, வாய்க்கு முன்னால் குட்டி மைக். மெஷின் ஒரு பெண் குரலில், வரிசை ஒன்பது, தட்டு நான்கு என்று சொல்லும். இவர் தள்ளுவண்டியோடு போய், அந்தத் தட்டில் ஒட்டியிருக்கிற எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டும். சரியான இடத்தில்தான் நிற்கிறார் என்று தெரிந்தால்தான் எத்தனை எடுக்க வேண்டும் என்பதையே அது வாய் திறந்து சொல்லும். மூன்று என்றால் மூன்று ஷாம்பு பாட்டிலைப் பெட்டியில் போட்டு, மூன்று என்று பதில் சொல்ல வேண்டும். உடனே அடுத்த வரிசைக்கு விரட்டும். யாரோ ஒரு வீட்டுக்கு எலிப்பொறியும் குழந்தைக்கு டயப்பரும் ஒரே பெட்டியில் போகும். "இந்த வீட்டுல யார் யாரைத் தூங்க விடலைன்னு தெரியலையே" என்பார் வெண்கலம். புரியவில்லை என்று மெஷின் சொல்லும். "என் பொண்டாட்டியும் இதேதான் சொல்றா" என்று அதற்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் வண்டியைத் தள்ளுவார்.

மெஷினுக்கு எல்லாருடைய பேச்சும் புரியாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒவ்வொருவரையும் ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, எண்களையும் நாலைந்து சொற்களையும் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துக் குரலைப் பதிந்துகொள்வார்கள். அதன்பிறகு அவரவர் குரல் அவரவருக்கு. வெண்கலத்தின் குரலைப் பதிந்த அன்று, சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி மேலாளரே எழுந்து வந்தாராம். இதை அவர் சொல்லாத ஆள் கிடையாது.

தொண்டை கரகரக்க ஆரம்பித்தபோது அவர் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அட்டைத் தூசி, குளிர்ந்த காற்று, நாள் முழுக்கக் கத்தல். இதில் தொண்டை கட்டாமல் இருந்தால்தான் அதிசயம். ஆனால் மெஷின் முரண்டு பிடித்தது. ஏழு என்றால் புரியவில்லை என்றது. மறுபடி ஏழு என்றார். மறுபடியும் புரியவில்லை. அவர் ஒரு பொருளை எடுக்கிற நேரத்தில் மற்றவர்கள் மூன்று எடுத்துவிட்டார்கள். சுவரில் தொங்கும் திரையில் அவருடைய வேகம் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. அதில் அடிமட்டத்துக்குப் போகிறவர்களை மூட்டை இறக்கும் பக்கம் தள்ளிவிடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் வயதில், அவர் முதுகில், மூட்டை என்றால் வீட்டுக்குப் போ என்று அர்த்தம்.

சூப்பர்வைசர் நல்ல பெண். மகள் வயது இருக்கும். "அண்ணே, உங்க குரல் மாறியிருக்கு. புதுசா ஒரு தடவை பதிஞ்சிடலாம். பழசு அழிஞ்சிடும், பரவாயில்லையா?" என்று கேட்டாள்.

"பழசை வச்சு என்னம்மா பண்ணப் போறேன், கண்ணாடி போட்டு மாட்டவா?" என்று சிரித்துவிட்டுக் கரகரப்போடு உட்கார்ந்து பதிந்தார். மறுநாளே வேகம் ஏறிவிட்டது. அவருக்கு ஏக சந்தோஷம்.

மனைவிக்குத்தான் மனசு கேட்கவில்லை. வெந்நீரைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டு நகராமல் நிற்பாள். "இது சளி இல்லைங்க. ஒரு எட்டு டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடலாம்" என்பாள். "அந்த மெஷினுக்கே நான் சொல்றது புரியுது. உனக்கு என்ன வந்துச்சு?" என்று அவள் வாயை அடைத்துவிடுவார். சில மாதம் கழித்து மெஷின் மறுபடி முரண்டு பிடித்தது. மறுபடி பதிந்தார். அதற்குப் பின் இன்னொரு தடவை. மனிதர் பயந்துபோய்த்தான் இருந்தார், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் டாக்டர் என்றால் விடுப்பு, விடுப்பு என்றால் சம்பளப் பிடித்தம், அதற்குமேல் டாக்டர் என்ன சொல்வாரோ என்ற திகில். மெஷினிடம் போனால் கால் மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது. மெஷின் சரி என்று சொன்னதை உடம்பே சரி என்று சொன்னதாக எடுத்துக்கொண்டார், பாவி மனுஷன்.

ஒரு நாள் வெறும் காற்றுதான் வந்தது. பதிவு அறையில் எவ்வளவு முயன்றும் மெஷின் ஏற்கவில்லை. அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, புற்று முற்றிவிட்டது, குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார். உயிரைக் காப்பாற்றிவிடலாம், பேச்சு போய்விடும். "ஆரம்பத்திலேயே வந்திருந்தா குரலைக் காப்பாத்தியிருக்கலாம். எப்போ இருந்து இப்படி?" என்று கேட்டார். மனைவி பக்கத்தில் இருந்தாள். "இப்பதான்... ரெண்டு மாசமா கொஞ்சம் கூடியிருக்கு" என்று வெண்கலம் முணுமுணுத்தார். அதற்கு முன் சாதாரணத் தொண்டைக்கட்டு என்றே நினைத்தாராம். அவள் அதை நம்பினாள். தானே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்று தன்னைத்தான் திட்டிக்கொண்டாள்.

தூரத்தில் இருக்கும் மகள் போனில் அழுதாள். "அம்மா, அப்பா நல்லா பேசினப்போ உள்ள குரல் எதுலயாவது இருக்கா பாரும்மா" என்றாள். தேடினார்கள். கல்யாண வீடியோவில் முழுக்கப் பாட்டுப் போட்டுக் கெடுத்திருந்தார்கள். பழைய போன் தண்ணீரில் விழுந்து எப்போதோ செத்துப்போயிருந்தது. அப்போதுதான் மனைவிக்குக் கிடங்கு ஞாபகம் வந்தது. "வேலைக்குச் சேர்ந்தப்போ பதிஞ்சாங்களே, மேலாளர்கூட எழுந்து வந்தாருன்னு சொல்வீங்களே, அது இருக்கும்ல?" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

வேண்டாம் என்று கையை ஆட்டினார். வெறும் எண்கள்தான் என்றார். எண்ணாக இருந்தால் என்ன, உங்கள் குரல்தானே என்றாள். அவளைத் தனியாகப் போகவிடவும் அவருக்குப் பயம், கூடப் போகவும் பயம். கடைசியில் கூடவே போனார். வழியெல்லாம், இங்கேயே சொல்லிவிடலாம், இந்தத் திருப்பத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்தபடியே கிடங்கு வாசல் வரை வந்துவிட்டார்.

சூப்பர்வைசர் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டிவிட்டாள். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்று, இரண்டு என்று தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்திருக்க வேண்டும். கண்ணைத் திறந்தாள்.

"இது இல்லைம்மா. முதல்ல பதிஞ்சது."

"அது இல்லைக்கா. புதுசு பதிஞ்சா பழசு அழிஞ்சிடும். அண்ணன் மூணு தடவை மாத்திட்டார்."

"எப்போ மாத்தினார்?"

அந்தப் பெண் ஒன்றும் அறியாமல் திரையைப் பார்த்துத் தேதிகளைப் படித்தாள். முதல் தேதி போன வருஷத்துத் தேதி, மெஷினுக்கே புரியுது என்று அவர் அவள் வாயை அடைத்துக்கொண்டிருந்த சமயம். வெண்கலம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவி கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

அவள் சத்தம் போட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். அவள் பேச்சையே நிறுத்திவிட்டாள். அறுவைக்கு இன்னும் நாலைந்து நாள்தான் இருந்தது. சாப்பாடு வைத்தாள், துணி மடித்துப் பையில் வைத்தாள், ஆஸ்பத்திரிச் சீட்டுகளை அடுக்கினாள். அவர் பின்னாலேயே போய், இருக்கிற காற்றை வைத்துக்கொண்டு, "வேலை போயிடுமோன்னுதான்மா..." என்று ஆரம்பிப்பார். அவள் குழாயைத் திறந்துவிடுவாள். தண்ணீர்ச் சத்தத்தில் அவர் குரல் எங்கே எடுபடும்? கோபம் நியாயமான கோபம். அதைக் குறை சொல்ல அவருக்கே மனசு வரவில்லை. ஆனால் நாள் போய்க்கொண்டிருந்தது. அவருக்கு அழுகையாக வந்தது.

அறுவை நாள் காலையில் நர்ஸ் ஊசி போட்டுவிட்டு, சக்கரக் கட்டிலைத் தள்ள ஆரம்பித்தாள். பாதி வழியில் செருப்புச் சத்தம் கேட்டது. மனைவி ஓடிவந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். முந்தானை ஒரு பக்கம், முடி ஒரு பக்கம்.

"பேசுங்க" என்றாள். "ஏதாவது பேசுங்க. நான் கேட்கறேன். என்னைத் திட்டவாவது செய்யுங்க."

எத்தனை நாளாக அடக்கிவைத்திருந்தார். ஊசி போட்டதில் நாக்கு உலர்ந்து ஒட்டிக்கொண்டது. மருந்து கண்ணை இழுத்தது. எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை.

"சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"சாப்பிட்டேன்" என்றாள்.

விடிந்ததிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று அவருக்குத் தெரியும். அதைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கட்டிலை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.