சிம்னி கறுக்குது

கொதிகலனுக்குள் எட்டிப் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடித் துவாரம் உண்டு. இருபத்திரண்டு வருஷமாக அதில் கண்ணை வைத்துத் தீயின் நிறம் சொல்வதுதான் அவர் பிழைப்பு. மின்நிலையத்தில் அவருக்குக் ‘கழுகுக்கண்’ என்று பெயர். கழுகுக்குக் கண்புரை விழுந்து இரண்டு வருஷம் ஆகிறது. தெரிந்தால் கிடங்கு வேலைக்குத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை, மனைவியிடம்கூட.

அங்கே எரிக்கிற எண்ணெய் தார் மாதிரிக் கெட்டி. சூடேற்றி இளக்கி, உலைக்குள் சாரலாகப் பீய்ச்சினால்தான் ஒழுங்காக எரியும். குழாய்த் தண்ணீர் கொதித்து நீராவியாகி டர்பைனைச் சுழற்றும். கூடவே ஜெனரேட்டரும் சுழல, ஊருக்குக் கரண்ட். “இத்தாம் பெரிய கட்டடம் கட்டி வெந்நீரா வைக்கிறீங்க?” என்று கல்யாணமான புதிதில் மனைவி கேட்டாள்.

எண்ணெய்ச் சூடு குறைந்தால் தீ மங்கிச் சிவக்கும், சிம்னி கறுக்கும். உள்ளே வேலை செய்பவர்களுக்குச் சிம்னியின் உச்சி தெரியாது. புகையை அளக்கும் கருவி பழுது. அதைப் பற்றிய கடிதம் மேஜை மேஜையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் அவர் வீட்டு மொட்டைமாடிக்கு எல்லாம் தெரியும். துணி காயப்போடும் மனைவி போனில் கத்துவாள்: “சிம்னி கறுக்குது! சட்டையெல்லாம் கரி!”

உடனே அவர் துவாரத்தில் கண்ணை வைத்து, ரொம்பப் பார்ப்பவர்போல நின்று, “எண்ணெய் ஹீட்டரைப் பாருங்கப்பா” என்பார். சொன்னபடியே இருக்கும். மனுஷிக்குத் துணிமேல் இவ்வளவு அக்கறை இருப்பது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொள்வார்.

மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் புது என்ஜினியர் பக்கத்தில் வந்து நின்றார்.

“தீ எப்படி இருக்குண்ணே?”

துவாரத்தில் வெறும் மங்கல். இந்த மழையில் யார் துணி காயப்போடுவார்கள்? “நல்லா...” என்று ஆரம்பித்தபோது போன் அடித்தது.

“கறுக்குது” என்றாள் மனைவி. வைத்துவிட்டாள்.

“நல்லா இல்ல சார். எண்ணெய்ச் சூடு பத்தல.”

ஹீட்டர் நின்றுதான் போயிருந்தது. “கழுகுக்கண்ணுன்னு சும்மாவா சொல்றாங்க!” என்றார் என்ஜினியர்.

சாயங்காலம் வீடு திரும்பினார். மூன்று நாள் துணியும் கூடத்துக் கொடியில் தொங்கியது. மாடிப்படியில் நனைந்த குடை. மனைவி முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“மழையில மாடியில உனக்கென்ன வேலை?”

“ரெண்டு வருஷமா என்ன வேலையோ அதே வேலைதான்.”

அவர் தைலப் புட்டியை வாங்கிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இனிமே என் முட்டி தாங்காது. நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட டோக்கன் போட்டாச்சு, காலைல சீக்கிரம் எழுந்திருங்க.”